எதிர்ப்பக்கத்தின் நியாயம்

காதல் படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் காதலர்களைத்தான் எழுதுகிறார்கள். அவன் யார், அவள் யார், எங்கே சந்தித்தார்கள், முதல் பாட்டு எங்கே வரும் என்றெல்லாம் நிரப்பிக்கொண்டு போய், பாதி வழியில் கதை நகர மறுக்கும்போது ஒரு வில்லனைத் தேடுகிறார்கள். அந்த அவசரத்தில் கைக்கு அகப்படுகிறவர் முறைத்துப் பார்க்கும் தகப்பன், அரிவாள் தூக்கும் மாமன், அல்லது பணக்கார மாப்பிள்ளை. திருகோணமலையில் இருந்து எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. டச்சு பே கரையிலும் உப்புவெளியிலும் எடுக்கப்படும் குறும்படங்களில் கடல் நம்முடையதாக இருக்கிறது, பேச்சும் நம்முடையதாக இருக்கிறது. குறுக்கே வந்து நிற்கிற ஆள் மட்டும் தமிழ்நாட்டுப் படங்களில் பார்த்துப் பழகிய ஆளாக இருக்கிறார். எழுதும் வரிசையையே மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. காதல் கதையில் எதிராளிக்குக் காதலர்மேல் வெறுப்பு இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்க வேண்டும். அந்த நியாயம் காதலர் இருவரில் ஒருவருடைய மனசுக்குள்ளாவது ஏற்கெனவே குடியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். அது இல்லாத இடத்தில் படம் துரத்தலாகவும் சண்டையாகவும் போய்விடுகிறது, காதல் கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காதல் கதையையே எடுத்துக்கொள்வோம். சுவாமி மலையில் நிற்கும் ஒல்லாந்தர் காலத்துத் தூணில் பிரான்சினா வான் ரீடே என்ற பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் வெட்டப்பட்டிருக்கின்றன. காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து அவள் பாறையிலிருந்து குதித்தாள் என்பது கதை. ஆங்கிலேயர் காலத்தில் அந்த இடத்துக்கு 'லவ்வர்ஸ் லீப்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒல்லாந்த ஆவணங்களைப் பார்த்தவர்கள் அவள் அதன் பிறகும் உயிரோடு இருந்தாள், மணம் முடித்தாள் என்கிறார்கள். உண்மை எதுவாக இருந்தாலும், திரைக்கதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இந்தக் கதையில் எதிராளியே கிடையாது. ஒருவன் போகிறான், ஒருத்தி குதிக்கிறாள். நடுவில் ஒன்றும் இல்லை. அதனால்தான் சொல்லுகிறவர் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு காரணத்தைச் சேர்க்கிறார்: காதலன் ஏமாற்றுக்காரன் என்பார் ஒருவர், கம்பனி அவனைத் திருப்பி அழைத்தது என்பார் இன்னொருவர், தகப்பன் பிரித்தான் என்பார் மற்றொருவர். ஏமாற்றுக்காரன் என்று வைத்துக்கொண்டால் அவள்மேல் இரக்கம் வரும். அதற்குமேல் படம் நகராது. தகப்பன் பக்கம் திரும்பினால்தான் கதைக்கு வழி திறக்கிறது. பிரான்சினாவை வளர்ப்பு மகளாகக் கொண்ட ஹென்றிக் வான் ரீடே சாதாரண ஆளல்ல. மலபாரின் செடிகொடிகளைப் பற்றி 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' அவருடைய பெருமுயற்சி. ஒல்லாந்தக் கம்பனியின் அதிகாரிகள் செய்த ஊழலை விசாரிக்க 1684இல் ஆணையாளராக அனுப்பப்பட்டவரும் அவரே. இனிக் கற்பனைக்கு வருவோம். மகள் விரும்பும் அதிகாரியின் பெயர், தகப்பன் விசாரிக்கும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் அவனைக் கப்பலேற்றினால் அது கொடுமையா, கடமையா? நேர்மையைத் தகப்பனிடமிருந்தே கற்றுக்கொண்ட மகள் அவரை எதிர்த்து எந்த வாயால் பேசுவாள்? தூணில் இருக்கிற ஒரு பெயரும் ஒரு தேதியும் இந்தக் கேள்வி வந்தபிறகுதான் படமாகின்றன.

எதிராளிக்குத் தன் கதையில் தானே நாயகன் என்பது திருகோணமலைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமல்ல. வேறு எந்த ஊரிலும் இராவணன் என்றால் சீதையைக் கவர்ந்தவன் நினைவுக்கு வருவான். இங்கே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைச் சொன்னால் நினைவுக்கு வருவது, தாய் வழிபடுவதற்காக மலையையே பெயர்க்கப் போன பிள்ளை. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறவர்கள், அவன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்ற ஐதீகத்தோடுதான் அந்த ஏழு கிணற்று நீரையும் அள்ளி ஊற்றிக்கொள்கிறார்கள். கோணேசர் சந்நிதியில் அவன் கைகூப்பி நிற்கிறான். ஒரே ஆள், ஒரு காவியத்தில் பிறன்மனை கவர்ந்தவன், இன்னொரு ஊரின் நினைவில் தாயன்பும் சிவபக்தியும் உள்ளவன். இதனால் அவன் செய்த குற்றம் குறைந்துபோவதில்லை. ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஊரில் பிறந்து வளர்ந்த எழுத்தாளர், மீசையை முறுக்குவதைத் தவிர வேறு வேலையில்லாத தகப்பனை எழுதினால் அது நம் மண்ணில் கிடக்கிற பாடத்தைப் படிக்காமல் விட்டதாகத்தான் அர்த்தம். கம்பனும் இராவணனைச் சின்ன ஆளாக ஆக்கவில்லை என்பதை எல்லோரும் அறிவோம்.

தமிழின் காதல் இலக்கணமும் இதே பக்கம்தான் நிற்கிறது. சங்க அகப்பாடல்களில் வில்லன் என்று சுட்டிக்காட்ட ஓர் ஆள் அகப்படமாட்டார். ஊர் பேசும் அலர் இருக்கிறது, வீட்டுக்குள் வைத்துப் பூட்டும் இற்செறிப்பு இருக்கிறது, பொருள் தேடிப் பிரிகிற தலைவனின் கட்டாயம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகச் செவிலித்தாய் இருக்கிறாள். மகள் காதலனோடு போய்விட்டாள் என்று தெரிந்ததும் பாலைவழியில் தேடிக்கொண்டு புறப்படுகிற அவள், கதையின் அமைப்புப்படி காதலர்களுக்கு எதிராளி. அவள் கையில் அகப்பட்டால் அவர்கள் பிரிக்கப்படுவார்கள். ஆனாலும் நம் கண்ணீர் அவளுக்காகத்தான். கலித்தொகையின் பாலைக்கலியில் வழியில் வரும் அந்தணத் துறவிகளை நிறுத்தி அவள் கேட்கிறாள், அவர்கள் அதட்டவில்லை. மலையில் பிறக்கிற சந்தனமும் கடலில் பிறக்கிற முத்தும் யாழில் பிறக்கிற இசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படுவதில்லையே என்று எடுத்துச் சொல்கிறார்கள். அருமையான திரைக்கதைக் காட்சி இது. எதிராளி நேரில் வந்து தன் துயரத்தைச் சொல்ல முழு இடமும் தரப்படுகிறது. அதன் பிறகே அவளுக்குப் பதில் தரப்படுகிறது. காதலர்கள் அந்தக் காட்சியிலேயே இல்லை. அவர்களுடைய பக்கம் பலப்படுவது, எதிர்ப்பக்கம் அவ்வளவு வலுவாகப் பேசியதால்தான்.

திரையில் இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி 1978இல் வந்த 'முள்ளும் மலரும்'. உமாசந்திரனின் நாவலை வைத்து மகேந்திரன் இயக்கிய முதல் படம். விஞ்ச் இயக்கும் காளி தன் தங்கை வள்ளியை எஞ்சினியர் குமரனுக்குக் கொடுக்க மறுக்கிறான். குமரன் கெட்டவனல்ல, படித்தவன், முறைப்படி வந்து பெண் கேட்கிறவன். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். காளிக்குப் பிடிக்காது, ஏனென்றால் தன்னை வேலையிலிருந்து நிறுத்தியவன் அவன். வெறும் வீம்புதானே என்று ஒதுக்கிவிட முடியாதபடி மகேந்திரன் முன்கூட்டியே ஒரு காரியம் செய்துவிடுகிறார்: எதிர்ப்புத் தொடங்குவதற்கு முன் அண்ணன் தங்கைமேல் வைத்திருக்கும் பாசத்தை நாம் வயிறு நிறையப் பார்த்துவிடுகிறோம். அதனால் அவன் 'இல்லை' என்று சொல்லும்போது அந்த 'இல்லை' வள்ளிக்குள்ளும் கேட்கிறது. கடைசியில் கலியாணத்துக்குப் புறப்பட்ட வள்ளி, கூட்டத்தை விட்டுப் பிரிந்து அண்ணனிடம் ஓடி வருகிறாள். அவளை யாரும் இழுக்கவில்லை, மிரட்டவில்லை. எதிராளியின் பிடி அவளுடைய மனசுக்குள் இருந்தது. அந்தப் பிடியிலிருந்து விடுவிக்கிற அதிகாரமும் அதே எதிராளியிடம்தான் இருந்தது. காளி சம்மதிக்கிறான், ஆனால் குமரனை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே சம்மதிக்கிறான். ஒரு அடிதடியும் இல்லாத இந்த முடிவில் இருக்கிற பதைப்பு, ஆயிரம் அரிவாள் படங்களில் இல்லை.

பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) இன்னும் துணிச்சலாகப் போகிறது. அங்கே கணவனே முன்வந்து மனைவியை அவளுடைய பழைய காதலனிடம் சேர்த்துவைக்கப் பார்க்கிறான். எதிர்ப்பதற்கு ஆளே இல்லை என்று தோன்றுகிற இடத்தில், மறுக்கிறவன் காதலன். தாலி ஏறிய பிறகு அவள் இன்னொருவருடைய மனைவி என்ற நம்பிக்கை அவனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமல் இரண்டு ஆண்கள் பேசித் தீர்க்கிறார்கள் என்பது என் மனக்குறை. ஆனால் கதைக்கட்டு என்ற அளவில் பார்த்தால், எதிராளியைக் காதலனின் மனசுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்த சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது. பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) படத்தில் சென்னைக்கு ஓடிப்போன இருவரையும் தேடி வருகிற சித்தப்பா பாசமாகப் பேசித்தான் ஊருக்குத் திருப்பி அழைத்துப் போகிறார். அந்தப் பெண் நம்புகிறாள், ஏனென்றால் நம்ப ஆசைப்படுகிறாள்; வீடு தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் காதலோடு சேர்ந்தே அவளுக்குள் இருந்தது. பிறகு விழுகிற அடியைவிட அந்த நம்பிக்கைதான் பார்க்கிறவரைக் குலைக்கிறது.

இதை நம் கரையில் எப்படி எழுதலாம் என்று பார்க்க, நிலாவெளியில் நடப்பதாக ஒரு கதையைக் கற்பனை செய்வோம். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கிழக்குக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வதும், வாடைக்காற்று தொடங்கும் முன் திரும்புவதும் வழக்கம். அப்படி வருகிற ஒருவனை நிலாவெளிப் பெண் ஒருத்தி விரும்புகிறாள். மதம் வேறு, ஊர் வேறு, பருவம் முடிந்தால் அவன் போய்விடுவான். எதிராளி அவளுடைய அண்ணன். சுனாமியில் தகப்பனைப் பறிகொடுத்த வீட்டைப் பதினேழு வயதில் தோளில் ஏற்றவன், கட்டாருக்குப் போனவன், தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டவன். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதுதான் சீதனம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அண்ணன் அனுப்பிய காசில் அந்த வீடு கல்லுக் கல்லாக உயர்ந்திருக்கிறது. இப்போது அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வழக்கமான காட்சியில் அவன் அவளுடைய போனைப் பிடுங்கி எறிவான், கன்னத்தில் அறைவான். அறை விழுந்த கணத்திலேயே பார்க்கிறவர் தீர்ப்பெழுதிவிடுவார். பெண்ணுக்குத் தீர்மானிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். அண்ணன் அரைகுறைச் சுவரோரம் நின்றுகொண்டு, 'தங்கச்சி, நாளைக்கு மேசன் வாறான். குசினி யன்னல் எந்தப் பக்கம் வைக்கிறது?' என்று கேட்கிறான். அவள் பேசாமல் நிற்கிறாள். 'சொல்லன். நீ தானே இதுக்குள்ள இருக்கப் போறாய்.' அவள், 'உங்களுக்குப் பிடிச்ச பக்கம் வையுங்கோ அண்ணா' என்கிறாள். அவ்வளவுதான் காட்சி. காதலனின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. ஆனால் யன்னலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் அந்த வீட்டில் இருக்கச் சம்மதித்ததாகும். சொல்லாமல் விட்டால் ஏழெட்டு வருட உழைப்பை உதறியதாகும். அண்ணன் மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவனுடைய நியாயம் சீமெந்தும் கல்லுமாக அவளைச் சுற்றி நிற்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற முதல் வாதம் கனமானது, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. சாதிக்காகப் பிள்ளையைக் கொல்லுகிற தகப்பனிடம் என்ன நியாயம்? பட்டப்பகலில் வெட்டுகிற கூலிப்படைக்கு என்ன மனசு? அவர்களுக்கெல்லாம் உள்மனம் எழுதுவது குற்றத்துக்கு வெள்ளையடிப்பது ஆகாதா? காரணத்தைக் காட்டுவதும் உரிமையைக் கொடுப்பதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதே என் பதில். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இரண்டையும் எப்படிப் பிரித்துக் கையாள்வது என்று காட்டுகிறது. அதில் சாதிக் கொலைகளைத் தெய்வ காரியமாகச் செய்கிற கிழவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எந்தச் சலுகையும் தரப்படவில்லை. நாயகி ஜோவின் தகப்பனோ வேறு வகை. நாயகன் பரியனை அடித்து அவமானப்படுத்திய தன் ஆட்களைத் தடுக்க முடியாதவர், தன் மகளையும் கொன்றுவிடுவார்கள் என்று அவனிடமே அழுகிறவர். அவர் நல்லவராகத் தெரிவதால்தான் குற்றச்சாட்டு கூர்மையாகிறது: இவ்வளவு நல்ல மனுசராலும் இந்த அமைப்பை விட்டு வெளியே வர முடியவில்லை என்று. கொலைகாரக் கிழவர் மட்டும் இருந்திருந்தால், நாம் அவர் இல்லை என்று தேற்றிக்கொண்டு எழுந்து போயிருப்போம். தகப்பனைப் பார்க்கிறபோது அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. ஈழத்திலும் இந்த வழி புதிதல்ல. காவலூர் இராசதுரை எழுதி, தர்மசேன பத்திராஜ 1977இல் இயக்கிய 'பொன்மணி' யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் எதிர்ப்பக்கத்தில் நிறுத்தியது. ஒரு வில்லனின் கொடூரத்தில் ஒதுக்கிவிட முடியாத பொருள் அது.

இரண்டாவது வாதம் நம் மாவட்டத்துக்கே உரியது. இங்கே காதலர்களைப் பிரித்தது யுத்தம், ஊரடங்கு, இடம்பெயர்வு, கடல் தடை. இவற்றுக்கு முகமில்லை, அப்படியிருக்க எதிராளியை எங்கே போய்த் தேடுவது என்று கேட்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நீரைக் கடக்கப் 'பாதை' என்ற மிதவையையும் லோஞ்சையும் நம்பியிருந்த ஊர்களில், கடைசி லோஞ்சைத் தவறவிட்டாலே ஒரு காதல் ஒரு நாள் தள்ளிப்போகும். இவையெல்லாம் தடைகள், மறுக்கவில்லை. ஆனால் தடை வேறு, எதிராளி வேறு. தடையோடு வாதாட முடியாது. தாண்டலாம், அல்லது தோற்கலாம். வாதம் இல்லாத இடத்தில் பாத்திரம் வளராது. யுத்தம் கதைக்குள் எதிராளியாக வர வேண்டுமானால் ஒரு மனுசர் வழியாக வர வேண்டும். பிரசன்ன விதானகேயின் 'ஒப நத்துவா ஒப எக்கா' (2012) இதைச் செய்து காட்டியது. தஸ்தயேவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவிய படம். அடகுக்கடை வைத்திருக்கும் சிங்களவன் ஒருவனும் தமிழ்ப் பெண் ஒருத்தியும் மணம் முடிக்கிறார்கள். வெளியே யாரும் எதிர்க்கவில்லை. அவன் முன்னாள் சிப்பாய் என்பது அவளுக்குத் தெரியவரும்போது யுத்தம் அவர்களுடைய படுக்கையறைக்குள் வந்து உட்காருகிறது. அவளுடைய இழப்பின் நியாயத்தை அவனால் மறுக்க முடியவில்லை. அவனுடைய அன்பை அவளாலும் பொய் என்று சொல்ல முடியவில்லை. சோதனைச்சாவடியும் துவக்கும் கதைக்குப் பின்னணி. எதிராளி அவனுடைய கடந்தகாலம், அது அவன் உடம்போடு நடமாடுகிறது. மூதூரின் வ.அ. இராசரத்தினம் எழுதிய 'தோணி' சிறுகதையிலும், தோணிக்கான ஏக்கமும் பெண்மீதான ஏக்கமும் பின்னிக் கிடப்பதால்தான் வறுமை வெறும் பின்னணியாக நின்றுவிடாமல் அந்த மீனவப் பையனின் மனசுக்குள் பேசுகிறது.

'அலைபாயுதே' (2000), '96' (2018) போன்றவற்றைக் காட்டி, எதிராளியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. முதல் படத்தில் பெற்றோரின் எதிர்ப்பு கலியாணத்தோடு பின்னுக்குப் போய்விடுகிறது. பிறகு சண்டை, சேர்ந்து வாழ்கிற இருவருக்குள்ளேயே. இரண்டாவதில் காலம் போய்விட்டது, அவளுக்குக் குடும்பம் ஆகிவிட்டது, அவன் அவளுடைய வாழ்க்கையை மதிக்கிறான். எதிர்ப்பக்கம் இல்லை என்று இதற்குப் பெயரில்லை. எதிர்ப்பக்கத்தை முழுக்க உள்ளே தள்ளிவிட்டார்கள். நான் சொன்ன இரண்டாவது நிபந்தனை மட்டுமே மிஞ்சிய படங்கள் இவை. எழுதுவதற்கு இதுவே கடினமான வகை, ஏனென்றால் வெளியே ஓர் ஆள் வந்து கதவைத் தட்டுகிற வசதி எழுத்தாளருக்கு இல்லை. தொழிலுக்குப் புதியவர்கள் இதில் கைவைப்பதற்கு முன் காளியைப் போன்ற ஓர் எதிராளியை எழுதிப் பழகுவது நல்லது.

எதிராளி கடைசியில் மனம் மாறித்தான் ஆக வேண்டுமா என்பது எப்போதும் வருகிற கேள்வி. தமிழ் சினிமா இதில் நிறையக் கெட்டுப்போயிருக்கிறது. இரண்டரை மணி நேரம் எதிர்த்தவர் கடைசி ஐந்து நிமிடத்தில் அழுது, காதலர் கைகளைச் சேர்த்து வைக்கிறார். அதுவரை அவர் சொன்னதெல்லாம் வீம்பு என்றாகிவிடுகிறது, அதை மதித்துத் தவித்த பெண்ணின் தவிப்பும் வீணாகிறது. நிலாவெளி அண்ணன் மாறத் தேவையில்லை. வீட்டின் உறுதியை நொத்தாரிசு முன்னால் தங்கையின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கலியாணத்துக்கு வராமல் இருந்துவிடலாம். அல்லது நீர்கொழும்புக்குப் போய்த் தேவாலயத்தில் முன்வரிசையில் நின்று கலியாணத்தை நடத்திக் கொடுத்துவிட்டு, உறுதியை மட்டும் எழுதாமல் விடலாம். முதலாவதில் அவனுக்குக் கடமை பெரிது, இரண்டாவதில் தங்கை பெரிது. இவை இரண்டு வேறு படங்கள். இதில் எந்த அண்ணனை எழுதுகிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகே, அவன் குசினி யன்னலைப் பற்றிக் கேட்கும் காட்சியை எழுதத் தொடங்க வேண்டும்.